மருந்தே தராத ஆய்வில் ஒன்பது ஆண்டுகள்

முதல் நாளே நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டேன். அதுவும் கட்டைவிரலால்.

கண் எவ்வளவு அகலத்துக்குப் பார்க்கிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தது போன்ற கருவி. அதற்குள் முகத்தைக் கொடுத்து, தாடையைத் தாங்கியில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிண்ணத்தின் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சப் பொட்டுகள் வந்து மறையும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு பொட்டுக்கும் கருவி உள்ளே லேசாக ஒரு சத்தம் போடும். ஒன்றுமே தெரியாமல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் மனசு என்ன செய்யும்? நான் சத்தத்துக்கு அழுத்த ஆரம்பித்தேன்.

அந்தக் கருவி என்னைவிடக் கெட்டிக்காரத்தனமானது. இடையிடையே பொட்டு காட்டாமல் சத்தம் மட்டும் போட்டு, அப்போது யார் அழுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறது. டெக்னீஷியன் பாதியில் நிறுத்திவிட்டார். "சார், தெரியலைன்னா அழுத்தாதீங்க. தெரியாததும் எங்களுக்கு டேட்டாதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தினமும் சொல்கிற வாக்கியம் என்பது குரலிலேயே தெரிந்தது. முதலிலிருந்து மறுபடி எடுத்தோம்.

இது 2016-இல். விழித்திரை நோய் ஒன்றின் போக்கைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஓர் ஆய்வில் அன்றுதான் சேர்ந்திருந்தேன். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, சொட்டு மருந்துகூடக் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை போய், கண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கக் கொடுத்துவிட்டு வர வேண்டும். "இதுக்கு எதுக்குடா லீவு போட்டுட்டு அலையறே?" என்று அக்கா கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. எங்களைப் போன்றவர்கள் ஆர்.பி. என்றே சொல்வோம். ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை நோய். விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்கான கோல் செல்கள் சுமார் 12 கோடி இருக்கின்றன. நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் உதவும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். ஆர்.பி.யில் பெரும்பாலும் முதலில் சாவது கோல் செல்கள். அதனால் மாலைக்கண் வரும், பிறகு ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் நடுப்பார்வைக்கும் ஆபத்து. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பல குடும்பங்களில் பழுதான மரபணு வேலை செய்வது கோல் செல்லில் மட்டும்தான். கூம்புச் செல்லில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் கோல் செத்த பிறகு கூம்பும் பின்னாலேயே போகிறது. கோல் செல்கள் ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிப்பவை. அவை போனபின் மிஞ்சும் ஆக்சிஜனே கூம்புகளைத் தாக்குகிறது என்பது ஒரு விளக்கம். அந்த விளக்கத்தை நம்பித்தான் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற பழைய மருந்தை ஆர்.பி.க்குக் கொடுத்துப் பார்க்கும் பெரிய ட்ரையல் 2023-இல் தொடங்கியது. பழைய மருந்துதானே, நாமே வாங்கிச் சாப்பிடலாமே என்று எனக்கும் தோன்றியது. என் டாக்டர், "ட்ரையல் முடியட்டும்" என்றார். அவர் ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னார் என்பதற்குப் பின்னால் ஒரு வைட்டமின் கதை இருக்கிறது. வருகிறேன்.

ஓரம் போய் நடு மட்டும் மிஞ்சும் இந்தக் குழாய்ப் பார்வை என்றதும், கறுப்பு வளையத்துக்கு நடுவில் உலகம் தெரியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கறுப்பெல்லாம் கிடையாது. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்குக் கறுப்பாகவா தெரிகிறது? எதுவுமாகவும் தெரியவில்லை அல்லவா, அதுதான் எங்கள் ஓரம். இல்லாத இடத்தை மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் இந்த நோய்க்காரர்கள் பல வருடங்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றே நம்புகிறார்கள். "நான் கொஞ்சம் தட்டுத்தடுமாறும் ஆள்" என்பதுதான் என் 26 வயது வரை என்னைப் பற்றி நானே வைத்திருந்த கருத்து. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவேன். 6/6. கண் நல்லா இருக்கு என்று இரண்டு இடத்தில் அனுப்பிவைத்தார்கள். 2007-இல்தான் ஒருவர் கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளே பார்த்து, சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

அவர் நல்லவர். என்னைத் தேற்றுவதற்காக, "கவலைப்படாதீங்க, ஜீன் தெரப்பி வந்துக்கிட்டிருக்கு, இன்னும் அஞ்சு வருஷம்" என்றார். பொய்யில்லை. அதே 2007-இல்தான் ஆர்பிஈ65 என்ற மரபணுவுக்கான சிகிச்சையை முதல் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் முன்பு 2001-இலேயே, பிறவியிலேயே பார்வையற்ற லான்ஸ்லாட் என்ற நாய்க்கு அந்த முறையில் பார்வை கிடைத்த செய்தி வந்திருந்தது. நான் அந்த ஐந்து வருடத்தைப் பிடித்துக்கொண்டேன். 2012 வந்தது. இன்னொரு டாக்டர் இன்னொரு ஐந்து வருடம் கொடுத்தார். ஆர்.பி. நோயாளிகள் இரண்டு பேர் சந்தித்தால் இந்த ஐந்து வருடத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள், கவனித்திருக்கிறேன்.

சிரிக்க முடியாத பகுதி என்னவென்றால், அந்தப் பத்து வருடத்தில் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கோல் பிடித்து நடக்கப் பழகவில்லை, திரைவாசிப்பு மென்பொருளைத் தொடவில்லை, அலுவலகத்தில் சொல்லவில்லை. எப்படியும் சரியாகிவிடப் போகிறதே, அதற்குள் எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும்?

ஆய்வுக்கு வருகிறேன். ஒரு நாள் முழுக்க அளப்பார்கள். எழுத்துப் பலகை, நிறம், ஃபீல்டு, பிறகு விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி. ஓசிடி சுகமானது, தாடையை வைத்தால் சில நொடியில் முடிந்துவிடும். அந்தப் படத்தில் ஒரு மெல்லிய பளிச்சென்ற கோடு இருக்கும். ஒளிவாங்கிச் செல்கள் உயிரோடு இருக்கும் இடம் வரைதான் அந்தக் கோடு போகும். கோட்டின் நீளத்தை வருடாவருடம் அளந்தால், செல்கள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று மைக்ரான் கணக்கில் தெரிந்துவிடுகிறது. என் கோடு சுருங்குவதை நான் ஒன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். முதல் இரண்டு முறை வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. அப்புறம் பழகிவிட்டது. கற்பனை செய்துகொண்ட வேகத்தைவிட உண்மையான வேகம் குறைவு என்பது மூன்றாவது வருடம் உறைத்தது. அது ஒரு பெரிய நிம்மதி, அதை எந்த மாத்திரையும் எனக்குத் தந்திருக்காது.

ஈஆர்ஜி வேறு ரகம். விழித்திரையின் மின்சாரத்தை அளக்கும் சோதனை. அதற்கு முன் குறைந்தது 20 நிமிடம் கும்மிருட்டில் உட்கார வேண்டும். ஆய்வு ஒருங்கிணைப்பாளரும் உள்ளேயே இருப்பார். இருட்டில் அவர் நாற்காலியில் இடித்துக்கொள்வார், நான் இடித்துக்கொள்ள மாட்டேன். எனக்குத் தடவி நடந்து பழக்கம். ஒரு தடவை, "இங்க மட்டும் நீங்கதான் எனக்கு வழிகாட்டி" என்று சிரித்தார். சோதனையின் முடிவு என்னவோ கிட்டத்தட்ட நேர்கோடுதான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது ஒரு கேள்வித்தாள். அன்றாட வாழ்க்கை பற்றியது. படியில் இறங்கச் சிரமமா, கூட்டத்தில் தனியாகப் போவீர்களா, கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள். 2017-இல் நான் "2" என்று எழுதினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பதினொன்று வந்தது. அதில் நான் மறந்தே போன மூன்று இருந்தன, ஒன்று எங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது.

ஃபீல்டு டெஸ்டில் செய்த அதே வேலையைத்தான் அங்கும் செய்திருக்கிறேன். தெரியாததற்கு அழுத்தியிருக்கிறேன். மறுநாள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து எண்ணை மாற்றச் சொன்னேன். அவர், "நிறைய பேர் மாத்தச் சொல்றாங்க" என்றார்.

இது ஏன் முக்கியம் என்று பிறகுதான் விளங்கியது. அந்த 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரம்பரை விழித்திரை நோய்க்கு வந்த முதல் மரபணு சிகிச்சை. ஜீன் பென்னெட், ஆல்பர்ட் மக்வைர் என்ற தம்பதியின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர் என்று விலை வைத்ததால் உலகமெங்கும் செய்தியானது. அதன் இறுதிக் கட்ட ட்ரையலில் மருந்துக் குழுவில் 21 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 10 பேர். இந்த நோயாளிகளுக்கு எழுத்துப் பலகை முழுக் கதையைச் சொல்லாது. அதனால் தடைகள் வைத்த ஒரு பாதையை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் நடக்கவைத்து, எவ்வளவு மங்கலான வெளிச்சம் வரை இடிக்காமல் போகிறார்கள் என்று பார்த்தார்கள். மருந்து பெற்றவர்கள் சராசரியாக 1.8 வெளிச்சப் படிகள் முன்னேறினார்கள், மற்றவர்கள் 0.2 படி. அந்த அளவுகோலை உருவாக்கவே ஆண்டுகள் பிடித்தன. சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த நோய் எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான், சிகிச்சையால் எது மாறியது என்று சொல்ல முடியும். வெறுமனே அளந்துகொண்டே இருக்கும் எங்களைப் போன்றவர்களின் ஆய்வுக்கு அங்கேதான் வேலை. நான் 11-க்குப் பதில் 2 என்று எழுதினால், பின்னால் வரும் ஏதோ ஒரு நல்ல மருந்து உபயோகமில்லாததாகத் தெரியக்கூடும்.

லக்ஸ்டர்னா செய்தி வந்த அன்று என் போனுக்கு அதே செய்தி பதினான்கு பேரிடமிருந்து வந்தது. அக்கா அழுதாள். "உனக்கு எப்படா போடுவாங்க?"

எனக்குப் போட மாட்டார்கள். இதைப் புரியவைக்க எனக்கே கொஞ்ச நாள் ஆனது. ஆர்.பி. என்பது ஒரு நோயின் பெயர் போலத் தோன்றினாலும், 80-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது கெட்டாலும் அந்தப் பெயர்தான். லக்ஸ்டர்னா அதில் ஆர்பிஈ65 என்ற ஒன்றுக்கு மட்டும். என்னுடையது யூஎஸ்எச்2ஏ. பழுதில்லாத மரபணுவைச் செல்லுக்குள் கொண்டு சேர்க்க ஏஏவி என்ற தீங்கற்ற வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏற்றக்கூடிய சரக்கு சுமார் 4,700 மரபெழுத்துகள்தான். ஆர்பிஈ65-இன் புரதக் குறிப்பு 1,600 எழுத்துகள், தாராளமாக ஏறிவிடும். யூஎஸ்எச்2ஏ-வுக்கு 15,600. ஏறாது. அதனால் வேறு வழிகளைத் தேடுகிறார்கள். மரபணுவின் 13-ஆம் பகுதியில் பழுது உள்ளவர்களுக்கு, அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் படிக்கவைக்கும் ஆர்என்ஏ மருந்து ஒன்று ட்ரையலில் இருந்தது. அந்த நிறுவனத்தின் இன்னொரு கண் மருந்து 2022-இல் தோற்றது. பணம் போதாமல் இதன் ட்ரையலும் பாதியில் நின்றது. பிறகு வேறொரு நிறுவனம் வாங்கி மறுபடி தொடங்கியிருக்கிறது. என் பழுது 13-ஆம் பகுதியில் இல்லை என்பதால் எனக்கு அதில் இடமில்லை. ஆனால் அதே வரிசையில் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். நின்றுபோன செய்தி வந்த வாரம் அவர் போனை எடுக்கவில்லை.

ஆகவே கண் செய்தி வந்தால் இப்போது என் வீட்டில் எல்லாருக்கும் மூன்று கேள்வி பழகிவிட்டது. எந்த நோய், அதில் எந்த மரபணு? எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? எதை வைத்து முன்னேற்றம் என்கிறார்கள்? 2021-இல் பார்வையே போயிருந்த 58 வயது ஆர்.பி. நோயாளி ஒருவர், மிஞ்சியிருக்கும் விழித்திரைச் செல்களை ஒளியை உணரவைக்கும் ஆப்டோஜெனடிக்ஸ் முறையில் சிகிச்சை பெற்று, தனிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேசைமேல் இருக்கும் நோட்டுப் புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார். சாகெல், ரோஸ்கா ஆகியோரின் குழு செய்தது. செய்தி "பார்வை திரும்பியது" என்று வந்தது. அவருக்கு முகம் தெரியவில்லை, படிக்க முடியவில்லை. ஆனாலும் எதுவும் தெரியாதவருக்கு மேசையில் ஏதோ இருக்கிறது என்று தெரிவது சாதாரணமா என்ன? இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபரில் ப்ரீமா என்ற செயற்கைப் பார்வைச் சில்லு பற்றி வந்தபோதும் இதே கதை. 2 மில்லிமீட்டர் சதுரம், 378 பிக்சல், விழித்திரைக்கு அடியில் வைக்கிறார்கள். ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேர் பலகையில் கணிசமாகக் கூடுதல் எழுத்துகளைப் படித்தார்கள். அபாரம். ஆனால் அவர்கள் முதுமையில் நடுப்பார்வை போனவர்கள், என் நோய்க்கு நேர் எதிர். அக்கா இந்த முறை செய்தியை அனுப்பும்போதே, "இது உனக்கில்லை, சும்மா படி" என்று எழுதியிருந்தாள்.

மரபணுச் சோதனை பற்றி ஒரு விஷயம். என் முதல் அறிக்கையில் ஒரு பழுது உறுதி, இன்னொன்றின் பொருள் தெரியவில்லை என்று வந்திருந்தது. பலர் அந்த அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நானும் வைத்தேன். ஆய்வில் சேர்ந்தபோது அப்பா, அம்மா இருவரின் ரத்தத்தையும் கேட்டார்கள். ஆளுக்கொரு பழுது என்னிடம் வந்திருந்தது தெரிந்தது. பிறகு உலகில் வேறு நோயாளிகளிடமும் அதே மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டு, பொருள் தெரியாதது உறுதியானதாக மாறியது. அறிக்கை பழசானால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், காகிதம் அதேதான், அறிவு மாறியிருக்கும். அந்த நாளில் அம்மா மரபணு ஆலோசகரிடம் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப என்னாலதானா?" அவர் சொன்னார், "அம்மா, எங்க எல்லார்கிட்டயும் இப்படி ஒண்ணு ரெண்டு பழுது இருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான்." அம்மா அதை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இப்போது வைட்டமின். 1993-இல் பெர்சன் என்பவரின் குழு 601 ஆர்.பி. நோயாளிகளைப் பார்த்து, தினம் 15,000 யூனிட் வைட்டமின் ஏ நோயைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது என்று சொன்னது. முப்பது வருடம் அது கிட்டத்தட்ட வழக்கமாகவே இருந்தது. நான் ஆறு வருடம் சாப்பிட்டேன், கல்லீரல் சோதனைகளோடு. 2023-இல் அதே ட்ரையல்களின் தகவலை மரபணு விவரத்தோடு சேர்த்து மறுபடி அலசிப் பார்த்தார்கள். பயன் தெரியவில்லை. எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. தங்கள் பழைய முடிவைத் தாங்களே சரிபார்க்கும் வேலை இது, அப்படிச் செய்கிறவர்களைத்தான் நான் நம்புவேன். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு விழித்திரை நோயில் கூடுதல் வைட்டமின் ஏ கெடுதலே செய்யக்கூடும், கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து. கண்ணுக்கு நல்லது என்று யாராவது டப்பாவை நீட்டினால், உங்கள் நோயின் சரியான பெயரைத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

எது என் நோய், எது வேறு என்று பிரித்துப் பார்க்கவும் இந்த ஆய்வுதான் கற்றுக்கொடுத்தது. 2019-இல் படிக்கும்போது எழுத்து அலைய ஆரம்பித்தது. சரி, நடுப்பார்வையும் போகிறது போல என்று யாரிடமும் சொல்லாமல் ஆறு மாதம் இருந்தேன். வருடாந்தர ஓசிடியில் விழித்திரையின் நடுப்பகுதியான மேகுலாவில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. ஆர்.பி.யில் இது பலருக்கு வரும். டார்சோலமைடு சொட்டு மருந்து, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் வரிகள் நேராக நின்றன. கண்புரையும் எங்களுக்குச் சீக்கிரம் வரும், அதற்கும் வழி இருக்கிறது. பார்வை திடீரென்று இறங்கினால் எல்லாவற்றையும் ஆர்.பி. தலையில் போடாமல் உடனே போய்ப் பாருங்கள். நான் வீணாக்கிய அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஒரு தடவை வெளியே எங்கோ கால் வைக்கவும் பார்த்தேன். ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று ஒரு மருத்துவ மையம். உறவினர் ஒருவர் மூலம் வந்தது. தொலைபேசியில் பேசியவர் மிக அன்பாகப் பேசினார். என் மரபணு என்ன என்று அவர் கேட்கவே இல்லை. பணம் முன்பணமாகக் கட்ட வேண்டும், இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுவிடலாம், இது ஆராய்ச்சி என்பதால் இடங்கள் குறைவு. நான் கிட்டத்தட்டச் சரி சொல்லிவிட்டேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது, குரல் போனவிதம் தெரிந்தது. 2017-இல் ஒரு மருத்துவ இதழில் வந்ததை எடுத்துப் படித்துக் காட்டினார். ஃபுளோரிடாவில், மேகுலா சிதைவு உள்ள மூன்று பெண்கள், வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு, இருந்த பார்வையையும் இழந்தார்கள். 5,000 டாலர் கட்டியிருந்தார்கள். அரசாங்கத்தின் ட்ரையல் பட்டியலில் பார்த்து, அது முறையான ஆராய்ச்சி என்று நம்பிப் போனவர்களும் அதில் உண்டு. பட்டியலில் பெயர் இருப்பது தரச்சான்று இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உண்மையான ட்ரையலில் சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். புதிய கண் ஊசி என்றால் முதலில் ஒரு கண், அதுவும் பெரும்பாலும் பார்வை குறைந்த கண். ஒப்புதல் படிவத்தில் என்னென்ன கெடலாம் என்பது பக்கம் பக்கமாக இருக்கும். என்னுடையதில் 19 பக்கம், ரத்தம் எடுத்த இடத்தில் கன்றிப்போகலாம் என்பது வரை. எந்த நிமிடமும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சைக்குக் குறை வராது என்று எழுதியிருக்கும். கெடுதலே இல்லாத சிகிச்சை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியை நான் வேறு சிலர் கதையிலிருந்து கற்றேன். ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரை, 60 மின்முனைகள், 2013-இல் அமெரிக்க அனுமதி. அதைத் தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2019-இல் தயாரிப்பை நிறுத்தி, 2020-இல் திவாலின் விளிம்புக்குப் போனது. கண்ணுக்குள் கருவி வைத்திருந்தவர்களுக்குப் பழுது பார்க்க ஆளில்லை, மாற்றுப் பாகம் இல்லை. அதனால் எந்த ட்ரையலில் சேர்ந்தாலும் கேளுங்கள்: ஆய்வு முடிந்த பிறகு, அல்லது நிறுவனம் மூடிவிட்டால், என் கண்ணில் இருப்பதற்கு யார் பொறுப்பு? பதில் சொல்லத் திணறுவார்கள். அந்தத் திணறலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் அறையில் கிடைத்தது இன்னொரு படிப்பு. ஒரு பாட்டி, மேகுலா சிதைவு, நடுப்பார்வை இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தி, "தம்பி, உனக்கு இல்லாத ஆளுங்க தெரியுமா?" என்று கேட்டார். அவருக்குச் சின்னஞ்சிறு மனிதர்கள், தொப்பி போட்டவர்கள், சுவரோரமாக வரிசையாகப் போவது தெரிகிறதாம். பேசமாட்டார்களாம். புத்தி பேதலிக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பெயரே இருக்கிறது, சார்ல்ஸ் போனே நிலை. 1760-இல் அந்தச் சுவிஸ் அறிஞர் தன் தாத்தா கண்டதை எழுதிவைத்தார். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. எனக்கும் ஓரத்தில் மின்னல் போலப் பொறிகள் வரும், ஆனால் ஆட்கள் வந்ததில்லை. பாட்டியை டாக்டரிடம் அதையே சொல்லச் சொன்னேன். உள்ளே போய்விட்டு வந்தவர், "பேரு இருக்காம்ல!" என்று அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார்.

வெள்ளைக் கோலை நான் 2018-இல்தான் எடுத்தேன். எடுக்கவைத்தது ஞானமில்லை, படிக்கட்டு. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு ஆய்வுக்குப் போனபோது ஒருங்கிணைப்பாளர் அந்த வருடம் நான் விழுந்த எண்ணிக்கையை எழுதிக்கொண்டே, "நடைப்பயிற்சி ஆசிரியர் நம்பர் ரெண்டு வருஷமா உங்ககிட்ட இருக்கு" என்றார். இருந்தது. மீதிப் பார்வை இருக்கும்போதே கோல் பழகுவது எவ்வளவு சுலபம் என்று அந்த ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொன்னார். தலையை அசைத்து முறையாக இடமிருந்து வலமாக வருடிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. என் பார்வை அதைவிடச் சற்றே பெரிது. அந்த ஒரு முட்டி அளவை எங்கே திருப்புவது என்று தெரிந்தால் நிறைய பார்க்கலாம். கோலை மடக்கி வைத்துவிட்டுப் போனில் படித்தால் "நடிக்கிறான் பார்" என்று பின்னால் குரல் வரும். இரண்டு முறை விளக்கிப் பார்த்தேன். இப்போது விளக்குவதில்லை, படித்துக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு எழுந்து போகிறேன்.

இந்த வருடம் போனபோது புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு இருக்கும். கையில் தடியான ஒப்புதல் படிவம். "அண்ணே, இதுல சேர்ந்தா நமக்கு என்ன கிடைக்கும்?" என்றான். வருடத்துக்கு ஒரு ஓசிடி கிடைக்கும், நீர் கோத்தால் சீக்கிரம் தெரியும் என்றேன். தகுந்த ட்ரையல் வந்தால் உன் மரபணு விவரம் தயாராக இருக்கும், ஆனால் வரும் என்று யாரும் வாக்கு கொடுக்க மாட்டார்கள் என்றேன். நடைப்பயிற்சி ஆசிரியர் நம்பரையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், பையில் போட்டான், கூப்பிட மாட்டான் என்று எனக்குத் தெரியும். உள்ளிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் நின்று, "உள்ள என்னண்ணே முதல்ல?" என்று கேட்டான்.

"ஃபீல்டு டெஸ்ட். சத்தம் வரும், அதுக்கு அழுத்தாதே."